எடை இறங்குகிறது, இடுப்பு ஏறுகிறது

கேள்வி: எனக்கு வயது 54. தக்கலைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. தொப்பையைக் குறைக்க ஐந்து மாதங்களாக இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு, கொள்ளுக் கஞ்சி, சீரகத் தண்ணீர், தேனும் எலுமிச்சையும் எடுக்கிறேன். போனில் பார்த்து வாங்கிய குடம்புளி மாத்திரையும் உண்டு. தினமும் பத்மநாபபுரம் கோட்டைப் பக்கம் நடக்கிறேன். எடை 64 ஆகிவிட்டது. தொப்பை மட்டும் குறையவில்லை. 94 செ.மீ. இருந்த இடுப்பு 99 ஆகியிருக்கிறது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கும்மென்று ஆகிவிடுவதால் கேஸ் மாத்திரை போடுகிறேன். அடிக்கடி சிறுநீர் வருகிறது. சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கை விட வேண்டுமா? தேங்காய் எண்ணெயை மாற்ற வேண்டுமா? மட்டிப்பழத்தால் தொப்பை வருமா? வயிற்றுக்கு பெல்ட் கட்டலாமா? என் சித்தி சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. எனக்குப் போன வருடம் கருப்பைவாய்ப் பரிசோதனை எடுத்தார்கள், நார்மல்.

பதில்: கிழங்கும் பழமும் பெல்ட்டும் சற்றுப் பொறுக்கட்டும். சித்தியைப் பற்றிய அந்த வரியை எழுதத்தான் முழுக் கடிதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். "எனக்கும் அதுவோ?" என்று கேட்க மனம் துணியவில்லை, அதனால் தொப்பையைக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் புற்றுநோய் என்று சொல்ல இந்தக் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இந்த வாரமே வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது. சித்தியை மறந்துவிட்டுப் பார்த்தாலும் அந்தக் காரணம் அப்படியே நிற்கும். நீங்களே அளந்து எழுதிய எண்களில்தான் அது இருக்கிறது.

உடல் இளைக்கும்போது வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு மற்ற இடங்களைவிட வேகமாக வற்றும். கையும் தொடையும் அதற்குப் பின்னால்தான். ஏழு கிலோ உண்மையிலேயே இறங்கியிருந்தால் இடுப்பு சில சென்டிமீட்டராவது சுருங்கியிருக்க வேண்டும். அசையாமல் நின்றிருந்தால்கூட, சரி, அளவெடுத்ததில் பிழை என்று விட்டுவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் கூடியிருக்கிறது என்றால் அங்கே கொழுப்பைத் தவிர வேறு ஏதோ இடம் பிடிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காற்றாக இருக்கலாம், வெளியேறாத மலமாக இருக்கலாம், நீராக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். நீர் என்றால் இன்னொரு கணக்கும் சேர்கிறது: ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. அதையும் சுமந்துகொண்டு எடை இயந்திரம் 64 காட்டுகிறது என்றால், உடம்பு இளைத்தது ஏழு கிலோவுக்கும் மேல்.

இதோடு நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். நாலு வாயில் வயிறு நிறைந்துவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் வருகிறது. வயிறு உப்பியே இருப்பது, சீக்கிரம் நிறைந்துபோவது, அடிவயிற்றில் வலி அல்லது கனம், அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால், அந்தப் பெண்ணின் சினைப்பையைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் வழிகாட்டி. உங்களுக்கு நான்கில் மூன்று இருக்கின்றன. நீங்களோ ஒன்றுக்குத் தொப்பை என்றும், ஒன்றுக்கு கேஸ் என்றும், மூன்றாவதற்குச் சர்க்கரையோ என்றும் தனித்தனியாகப் பெயர் வைத்து, தனித்தனியாக மருந்தும் தேடியிருக்கிறீர்கள்.

இந்த 'கேஸ்' விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், வயிறு வீங்கினாலும் கேஸ். மருந்துக் கடையில் பெயரைச் சொன்னால் ஒரு பட்டை மாத்திரை கிடைத்துவிடுகிறது. இருபது வயதிலிருந்தே தொல்லை கொடுக்கும் வயிறு வேறு. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடிக்கும் 'கேஸ்' வேறு. காரணம் தெரியும்வரை அதை கேஸ் என்று அழைக்கக் கூடாது. சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். தொடக்கத்தில் அது பெரிதாக வலிப்பதில்லை. வயதாகிவிட்டது, மாதவிடாய் நின்றுவிட்டது, வயிறு போட்டுவிட்டது என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள்.

போன வருடப் பரிசோதனையை நம்பி இருக்க வேண்டாம். அது கருப்பையின் வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது. சினைப்பை இருப்பது உள்ளே, வேறு இடத்தில். அந்த அறிக்கை நார்மல் என்பது நல்ல செய்திதான். சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எங்கே போவது? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் மகளிர் நோய் மருத்துவர் இருந்தால் அவரிடமே போகலாம். வயிறு முழுவதற்கும் இடுப்புக்குழிக்கும் ஸ்கேன் வேண்டும். பிறப்புறுப்பு வழியாகவும் செய்தால் சினைப்பை தெளிவாகத் தெரியும், கூச்சப்பட்டு மறுத்துவிடாதீர்கள். கூடவே சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை (சினைப்பைப் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது), கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்களின் அளவு. மருத்துவர் முன் உட்கார்ந்ததும் "தொப்பை குறையவே மாட்டேன் என்கிறது டாக்டர்" என்று தொடங்காதீர்கள். தொடங்கினால் நடைப்பயிற்சி பற்றி ஒரு அறிவுரையோடு திரும்பி வருவீர்கள். "ஐந்து மாதத்தில் எடை 7 கிலோ குறைந்தது, இடுப்பு 5 செ.மீ. கூடியது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது" என்று சொல்லுங்கள். சித்தி அம்மாவின் தங்கை என்றால், "அம்மாவின் தங்கைக்குச் சினைப்பைப் புற்று" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்தி என்று மட்டும் சொன்னால் போதாது. சித்தப்பாவின் மனைவியும் சித்திதான், அந்த உறவில் ரத்தத் தொடர்பு இல்லை. உங்கள் சித்தி எந்த வழிச் சித்தி என்று எனக்கு எழுதவில்லை. அம்மாவுடன் பிறந்தவர் என்றால், குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று வந்ததா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

சிஏ-125 எண் இயல்பின் எல்லையான 35க்கு மேல் இருந்தால் ஆட்டோவில் வரும்போதே போனில் தேடி அழ வேண்டாம். கருப்பையில் நார்க்கட்டி இருந்தால் அது கூடும். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தால் கூடும். வயிற்றுக் காசநோயில் நன்றாகவே கூடும். இந்தக் காசநோய் சினைப்பைப் புற்றைப் போலவே வேடம் போடும்: வயிற்றில் நீர், எடைக் குறைவு, பசியின்மை, உயர்ந்த சிஏ-125, ஸ்கேனில் சந்தேகம். வீடே துக்கத்தில் மூழ்கியிருக்கும் நேரத்தில், நீரையும் திசுவையும் எடுத்துப் பார்த்தால் காசநோய் என்று வரும். பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். ஆகவே அந்த ஒற்றை எண்ணை வைத்து நீங்களும் முடிவு கட்டாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் கட்ட விடாதீர்கள். நம் நாட்டில் வாழ்நாளில் நூறு பெண்களில் ஒருவருக்குக்கூடச் சினைப்பைப் புற்று வருவதில்லை. இந்த அறிகுறிகளோடு வருபவர்களிலும் பெரும்பாலோருக்கு வேறு காரணம்தான் இருக்கும். அதை நீங்களும் நானும் ஊகிக்க வேண்டாம், ஸ்கேன் சொல்லட்டும் என்கிறேன்.

இனி அந்தக் குடம்புளி மாத்திரை. இன்றே நிறுத்துங்கள். மீன் கறியில் நாலு சுளை போடுகிற பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். கறியில் போடும் குடம்புளியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மாத்திரையில் இருப்பது அதன் தோலிலிருந்து செறிவாகப் பிரித்தெடுத்த ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம். எடைக் குறைப்பில் அதனால் கிடைக்கும் பலன் இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்குச் சொற்பம். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பதிவாகியிருக்கிறது. அரிதாகக் கல்லீரல் மாற்று அறுவை வரைக்கும் போயிருக்கிறது. 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'ஹைட்ராக்ஸிகட்' என்ற எடைக் குறைப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. காரணம் கல்லீரல் பாதிப்பு. அந்த வகைகளில் பலவற்றில் குடம்புளிச் சாறும் இருந்தது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் பால் கலக்காத கட்டன் சாயா நிறத்தில் போனாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தாங்க முடியாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, படுத்தால் மூச்சுத்திணறல் என்றாலும் அப்படியே. மாத்திரைக் குப்பியை எறிந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பது விற்றவருக்கே வெளிச்சம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால், மீதியைப் பேசலாம். அப்போது முதல் சந்தேகம் உங்கள் கொள்ளுக் கஞ்சி மேல்தான் விழும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது காதுக்கு இனிமை. தினமும் கொள்ளு குடித்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்க் காற்றாக மாறும், வயிறு உப்பும். இரண்டாவது, நீங்கள் அளக்கும் இடம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும், காலை வெறும் வயிற்றில் அளக்க வேண்டும். ஒரு நாள் தொப்புளிலும் இன்னொரு நாள் பாவாடை நாடா இறுகும் இடத்திலும் வைத்தால் ஐந்து சென்டிமீட்டர் தாராளமாக மாறும். இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் அளவில்தான் பிழை, ஸ்கேன் எதற்கு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்தியப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், முன்பு தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. உங்கள் சோம்பலுக்கு அதில் பங்கு குறைவு. வயிற்றை மட்டும் இளைக்கவைக்கும் உணவோ பயிற்சியோ கிடையாது. படுத்து எழும் பயிற்சி தசையைப் பலப்படுத்தும், அதன் மேல் இருக்கும் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது. சீரகத் தண்ணீரும் எலுமிச்சையும் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. தேன் சர்க்கரைதான்.

நம் மாவட்டத்துச் சாப்பாட்டில் குறை எங்கே என்றால், காலையில் புட்டு, மதியம் சோறு, நாலு மணிக்குக் கிழங்கு, இடையில் சர்க்கரை போட்ட சாயாவும் பழ பஜ்ஜியும் என்று நாள் முழுக்க மாவுச்சத்தே வரிசையில் வருவதுதான். நீங்கள் இரவுச் சோற்றை விட்டீர்கள்; அந்த இடத்தில் கஞ்சிதான் வந்திருக்கிறது. 54 வயதில் இப்படி இளைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் புரதம் உங்களுக்குத் தேவை. அதற்குப் புரதப் பொடி வாங்க வேண்டாம். 100 கிராம் சாளை மீனிலோ அயிலை மீனிலோ சுமார் 20 கிராம் கிடைக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். புட்டைப் பாதியாக்கி, கூட வைக்கும் பயறையோ கடலையையோ இரட்டிப்பாக்குங்கள். மீனைப் பொரிப்பதைக் குறைத்துக் கறியாக வையுங்கள். நடையை விடாதீர்கள், வாரத்துக்கு 150 நிமிடம்; அதோடு நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதை காலையும் மாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையை வாரம் அரைக் கிலோவுக்கு மேல் இறக்க ஆசைப்படாதீர்கள்.

மரச்சீனிக் கிழங்கை விட வேண்டாம். சோற்றையும் கிழங்கையும் ஒரே நாளில் வயிறு நிறையச் சாப்பிடுவதை விடுங்கள். கிழங்கு எடைக்கு எடை சோற்றைவிட மாவு மிகுந்தது, ஆகவே சோற்றுக்குப் பதிலாக, மீன் கறியோடு, கொஞ்சமாக. தேங்காய் எண்ணெயை மாற்றினாலும் கலோரி மாறாது. எந்த எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரிதான். அளவைக் குறையுங்கள். மட்டிப்பழம் சிறியது, ஒன்றிரண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. வம்பு செய்வது நேந்திரங்காய் சிப்ஸ், 100 கிராமில் 500 கலோரி அளவுக்கு இருக்கிறது. கல்யாண வீட்டில் போளியும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள்.

வயிற்று பெல்ட், கட்டியிருக்கும்வரை தொப்பையை மறைக்கும். இப்போது உங்கள் வயிறு இருக்கும் நிலையில் அதை இறுக்கிக் கட்டவே கூடாது. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆசாரிபள்ளத்துக்கு பஸ் ஏறுங்கள்.