இரவில் தேடலாமா?

கேள்வி: குடியாத்தம் அருகே எங்கள் கடலைக்கொல்லையில் களையெடுக்கும்போது என் மனைவியின் தாலிச் சங்கிலி தொலைந்துவிட்டது. இரவல் மெட்டல் டிடெக்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. பகல் வெயில் தாங்காததால் இரவில் தேடலாமா?

பதில்: உங்கள் இழப்பின் வேதனை புரிகிறது. தேடலாம், ஆனால் தனியாகப் போகவே கூடாது. பகலிலேயே கொல்லையை நடந்து பார்த்து, கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு, மோட்டார் ஒயர் ஆகியவற்றை அடையாளமிட்டு, தேடும் பகுதியைக் கயிறு கட்டிப் பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காட்டுப்பன்றிக்காக யாரேனும் சட்டவிரோதமாக மின்வேலி போட்டிருந்தால் அது உயிரைப் பறித்துவிடும் என்பதால், இதை வெட்கப்படாமல் கேட்டே ஆகவேண்டும்.

கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். முழங்கால் வரை பூட்ஸ் அணிந்து, தலைவிளக்கோடு தனி டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். கருவி ஒலித்த இடத்தில் வெறுங்கையை விடாமல் களைக்கொத்தால் மண்ணைக் கிளறுங்கள். பாம்பு கடித்தால், வலி இல்லாவிட்டாலும், கீறவோ கட்டுப்போடவோ செய்யாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

மெல்லிய சங்கிலியைக் கருவி கண்ணி கண்ணியாகவே உணர்வதால் ஒலி பலவீனமாக இருக்கும். தாலியும் குண்டுகளுமே தெளிவாக ஒலிக்கும். ஆகவே எந்த உலோகத்தையும் ஒதுக்காத அமைப்பில் வைத்து, தரையை ஒட்டி மெதுவாக வீசுங்கள்.

தேடும்போது பழங்காசுப் புதையல் ஏதும் தென்பட்டால், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.