சமாதானம் சொல்றான்!

கேள்வி: நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த சமாதான மாநாடுகள்தான் சர்வதேச சட்டத்துக்கே அஸ்திவாரம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: சண்டை தீர்ந்தாலும் சமாதானம், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பினாலும் "சமாதானம் சொல்றான்". ஹேக் மாநாட்டில் எழுதியதை வைத்துப் பிற்பாடு நடந்ததெல்லாம் இரண்டாவது ரகம்.

ரஷ்ய ஜார் கூப்பிட்டு 1899 மே மாதம் 26 நாடுகள் கூடின. ஆயுதச் செலவைக் குறைக்கத்தான் அழைப்பு. அது நடக்கவில்லை. நச்சுவாயுவுக்குத் தடை போட்டார்கள். எதற்குத் தடை? வாயுவைப் பரப்புவதையே "ஒரே" நோக்கமாகக் கொண்ட எறிகுண்டுகளுக்கு. 'ஒரே', 'மட்டும்' இரண்டையும் யோசிக்காமல் போடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

1914 அக்டோபரில் ஜெர்மானியர் எரிச்சலூட்டும் ரசாயனத்தை ரவைக்குண்டுக்குள் (ஈய ரவைகளைச் சிதறடிக்கும் பீரங்கிக் குண்டு) அடைத்துச் சுட்டார்கள். ரவையும் சேர்ந்துதானே வருகிறது, பிறகு எப்படி 'ஒரே நோக்கம்'? 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே குண்டே கிடையாது. பதுங்குகுழி வரிசையில் 5,700க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைப் புதைத்து, காற்று எதிரிப் பக்கம் வீசும்வரை காத்திருந்து, வால்வைத் திருகினார்கள். சுமார் 150 டன் குளோரின். எறியவில்லையே, திறந்துதானே விட்டோம்!

பிரிட்டனும் சளைத்ததல்ல. கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் பிறந்த தோட்டாவுக்கு முனையில் மட்டும் (இந்த 'மட்டும்' அவசியம்!) உலோக உறை இருக்காது, உள்ளிருக்கும் ஈயம் உடம்பில் பட்டதும் விரியும். 1899இல் இதற்கும் தடை வந்தபோது பிரிட்டன் எதிர்த்தது. "காட்டுமிராண்டிகள்" சாதாரணத் தோட்டா பட்டாலும் நிற்காமல் ஓடிவருவார்களாம். 1907இல்தான் இறங்கிவந்தது.

அஸ்திவாரத்துக்கு வருகிறேன். 1899இல் பிறந்த 'நிரந்தர நடுவர் மன்றம்' நிரந்தரமுமல்ல, மன்றமுமல்ல. நாட்டுக்கு நாலு பேர் வரை ஒரு பெயர்ப்பட்டியல். வழக்கு வந்தால் அதிலிருந்து ஆளைக் கூப்பிடலாம், கல்யாணச் சமையல்காரர் நம்பர் மாதிரி. ஆனாலும் 1902 முதல் வழக்கு பார்க்கிறது. ஹேக்கில் எழுதிய நிலப்போர் விதிகளில் ஒரு ஓட்டை: சண்டையிடும் அத்தனை நாடும் ஒப்புக்கொண்டிருந்தால்தான் அவை செல்லும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பு அதை அடைத்தது. 1939க்குள் இவை எல்லா நாட்டுக்கும் வழக்கச் சட்டமாகிவிட்டன, கையெழுத்து தேவையில்லை என்றது. அஸ்திவாரம் என்றால் அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பலூனிலிருந்து குண்டு போடவும் 1899இல் ஐந்து வருஷத் தடை. 1907இல் இரண்டாவது மாநாட்டில் அதைப் புதுப்பித்தபோது, மூன்றாவது மாநாடு முடியும்வரை செல்லும் என்று எழுதிவிட்டார்கள். அந்த மாநாட்டுக்கு இன்னும் மண்டபமே பிடிக்கவில்லை.