முதலில் பல் ஏன் நிறம் மாறியது என்று பார்ப்போம்: கேள்வி-பதில்

பல்லை வெள்ளையாக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்து பார்க்காமல் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவுதான் இங்கே உண்டு. மீதியை உங்கள் பல் வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அடுத்த மாதம் கலியாணம். முதல் நாள் கிளினிக்கில் வைட்னிங் செய்தால் ஃபோட்டோவில் பல் பளிச்சென்று இருக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். ஒரே நாளில் முடியுமா? (வெள்ளவத்தை)

ஒரே நாளில் முடியும், தங்கச்சி. ஆனால் கலியாணத்துக்கு முதல் நாள் வேண்டவே வேண்டாம்.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் சூத்தை, வெடிப்பு, முரசு வீக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்போம். பற்காரை இருந்தால் ஸ்கேலிங் செய்வோம், அதாவது கருவியால் சுரண்டிச் சுத்தமாக்குவோம். பலருக்கு இந்த ஒன்றிலேயே நிறம் தெளிந்துவிடும், அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அப்புறம் நிற அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து இப்போதைய நிறத்தைக் குறித்துக்கொள்வோம். வழக்கமான வீட்டா அட்டையில் 16 நிறங்கள் உண்டு. உதட்டையும் கன்னத்தையும் பிளாஸ்டிக் கொக்கியால் விலக்கி வைத்து, முரசின் ஓரம் முழுக்கப் பிசின் மாதிரியான ஒரு ரெசினைத் தடவி, நீல வெளிச்சம் காட்டி இறுகச் செய்வோம். ஜெல் முரசில் படாமல் காப்பது அதுதான். ஜெல்லில் இருப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட். இங்கே கிளினிக்கில் பெரும்பாலும் 35 முதல் 40 வீதம் வரை இருக்கும். 15, 20 நிமிடம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி புதிதாக வைப்போம். இப்படி இரண்டு மூன்று தடவை. இடையில் முரசு எரிந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே கையை உயர்த்துங்கள். ஜெல் பட்ட இடம் வெள்ளையாக வெளிறும். உடனே கழுவினால் தானாக ஆறிவிடும்.

முதல் நாள் வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. பெரொக்சைட் பல்லின் மேலோடான எனாமலையும் தாண்டி உள்ளே நரம்பு வரை போகும். அதனால் அன்றும் மறுநாளும் சிலருக்குப் பல்லில் திடீர் திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல் வலிக்கும். மணவறையில் இருக்கும்போது அது தேவையா? அடுத்தது, வாயை அவ்வளவு நேரம் திறந்து வைத்திருப்பதால் பல் காய்ந்து, உண்மையில் இருப்பதைவிட வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். ஈரம் திரும்பியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். உண்மையான நிறம் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும்.

உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. நான் என்றால் வீட்டில் போடும் ட்ரேயைத்தான் சொல்வேன். பல் அச்செடுத்து உங்கள் பல்லுக்கே அளவாகச் செய்த மெல்லிய ட்ரே, அதில் 10 வீத கார்பமைட் பெரொக்சைட் ஜெல். இது ஏறக்குறைய 3.5 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டுக்குச் சமம். இரண்டு வாரம் இரவில் போட்டுக்கொண்டு படுத்தால், கிளினிக்கில் கிடைக்கும் அதே நிறத்துக்கு மெதுவாக வந்து சேரலாம், பல் கூச்சமும் குறைவு. கூசினால் ஓர் இரவு விட்டுப் போடலாம். கூச்சத்தைக் குறைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையை முன்கூட்டியே பாவிக்கத் தொடங்குங்கள். இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

வைட்னிங் செய்த பிறகு இரண்டு நாள் பிளேன்டீ, கறி ஒன்றும் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டில் வேறு என்னதான் சாப்பிடுவது? (தெஹிவளை)

பட்டினி கிடக்க வேண்டாம். வெள்ளை இடியப்பம், மஞ்சள் போடாத பால் சொதி, பாலப்பம், வெள்ளை மாப் புட்டு, தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம் எல்லாம் சாப்பிடலாம். கட்டைச் சம்பல், சோயா சோஸ், பீட்ரூட், மாதுளை, சிவப்புச் சோடா ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். தேசிக்காய்த் தண்ணீரையும் அந்த இரண்டு நாள் விடுங்கள். அதில் நிறம் இல்லை, ஆனால் புளிப்பு கூச்சத்தைக் கூட்டும்.

ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டால் எல்லாம் வீணாகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. சிகரெட்தான் மோசம். அதை நிறுத்தாமல் வைட்னிங் செய்வது காசுக்குக் கேடு.

லேசர் லைட் வைத்தால் கூடுதல் வெள்ளையாகும் என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். உண்மையா?

வேலை செய்வது ஜெல். வெளிச்சத்தால் பெரிய மாற்றம் வருவதாக ஆய்வுகளில் உறுதியாகக் காட்டப்படவில்லை. வெளிச்சத்தின் சூட்டில் பல் இன்னும் காய்ந்து, அந்த நேரம் மட்டும் கூட வெள்ளையாகத் தெரியும், கூச்சமும் கூடலாம். லைட்டுக்காக மேலதிகமாகக் கொடுக்காதீர்கள்.

முன்பல் ஒன்றில் கிரவுண் (பல்லின் மேல் மாட்டும் உறை) இருக்கிறது. அதையும் சேர்த்து வெள்ளையாக்க முடியுமா?

முடியாது. கிரவுண், வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு), பல்லின் நிறத்தில் அடைத்த அடைப்பு எதுவும் பெரொக்சைட்டில் நிறம் மாறாது. சுற்றியுள்ள பற்கள் வெளுத்து, கிரவுண் மட்டும் பழைய நிறத்தில் தனியாகத் தெரியும். செய்யத்தான் வேண்டும் என்றால், முதலில் இயற்கைப் பற்களை வெளுத்து, இரண்டு வாரம் பொறுத்து, நிலைத்த நிறத்துக்கு ஏற்பப் புதுக் கிரவுணோ அடைப்போ வைக்க வேண்டும். அதற்கு முதல் அடைத்தால் பல்லில் மிஞ்சியிருக்கும் ஒக்சிஜன் அடைப்பைச் சரியாக ஒட்ட விடாது. புதுக் கிரவுணுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து பட்ட முன்பல் இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. வலி இல்லை. வைட்னிங் செய்தால் போகுமா? (பம்பலப்பிட்டி)

தம்பி, தயவுசெய்து முதலில் எக்ஸ்-ரே எடுங்கள். அடிபட்டதில் உள்ளே இரத்தம் கசிந்து, அதன் நிறம் பல்லின் உட்பகுதியில் ஊறியிருக்கும். நரம்பு செத்திருக்கவும் கூடும். செத்த பல் வலிக்காது. ஆனால் வேர் நுனியில் கிருமி சேர்ந்து எலும்பைச் சத்தமில்லாமல் அரிக்கலாம். மேலே ஜெல் பூசினால் நிறமும் சரியாகப் போகாது, உள்ளே நடப்பதும் தெரியாமல் போய்விடும்.

நரம்பு செத்திருந்தால் ரூட் கெனால் செய்து, அதாவது செத்த நரம்பை எடுத்து வேர்க் குழியை அடைத்து, பல்லை உள்ளிருந்தே வெளுக்கலாம். வேர் அடைப்பை முரசு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை வெட்டி, அதன்மேல் ஒரு தடுப்பை இறுக்கமாக வைத்துவிட்டு, மேல் குழியில் வெளுக்கும் மருந்தை வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்புவோம். சில நாள் கழித்து வந்து மாற்ற வேண்டும். பெரும்பாலும் சில தடவைகளிலேயே பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தடுப்பு மிக முக்கியம். மருந்து வேர்ப் பக்கம் கசிந்தால், அபூர்வமாக என்றாலும், வேர் வெளியிலிருந்து கரையத் தொடங்கலாம். சூடு காட்டிச் செய்யும் பழைய முறையில் இந்த ஆபத்து கூட. அதை யாராவது செய்யக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பல் சாம்பலாக இல்லாமல் கடும் மஞ்சளாக இருந்தால் கதை வேறு. உள்ளே நரம்புக் குழி சுருங்கி அடைபட்டிருக்கலாம். அதற்கு எப்போதும் ரூட் கெனால் தேவைப்படாது.

நான் வவுனியாவில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். பல்லில் வெள்ளைக் கோடுகளும் மண்ணிறப் புள்ளிகளும் இருக்கின்றன. ஒஃபிஸில் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வாசித்து வருத்தப்பட்டேன். இது நீங்கள் பல் விளக்காததால் வந்தது இல்லை. வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் பல கிணறுகளில் புளோரைட் அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பல் முரசுக்குள் உருவாகும் சின்ன வயதில் புளோரைட் அளவுக்கு மிஞ்சி உடம்பில் சேர்ந்தால் எனாமல் சரியாக இறுகாது. உங்கள் ஊரில் எத்தனையோ பேருக்கு இது இருக்கும்.

வைட்னிங் மட்டும் செய்தால் மண்ணிறம் குறையும், ஆனால் வெள்ளைக் கோடுகள் போகாது. ஆரம்ப நாட்களில் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும். சுற்றுப்புறம் வெளுத்த பிறகு கொஞ்சம் கலந்து அடங்கும். லேசான கறையென்றால் மைக்ரோ அப்ரேஷன் நல்ல வழி. மெல்லிய அமிலமும் தேய்க்கும் நுண்பொடியும் கலந்த பசையால் எனாமலின் மேற்படையை மிகச் சிறிதளவு தேய்த்து எடுப்பது. அதன்பின் ட்ரே வைட்னிங். மிஞ்சும் வெள்ளைப் புள்ளிகளுக்கு ரெசினை ஊற விடும் முறை இருக்கிறது. ஆழமான குழிகள் இருந்தால் மட்டும் அடைப்பு அல்லது வெனீர். நல்ல பல்லை வெட்டி எல்லாவற்றுக்கும் வெனீர் வைப்போம் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னால் இன்னொரு வைத்தியரிடமும் கேளுங்கள்.

ஊரில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வீட்டுக்குச் சொல்லுங்கள்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆர்ஓ (ரிவர்ஸ் ஒஸ்மோசிஸ்) கருவியில் வடிகட்டிய தண்ணீரைக் கொடுக்க வேண்டும்.

மகளுக்கு 13 வயது. விழுந்து முளைத்த பல் மஞ்சளாக இருக்கிறது.

நிரந்தரப் பல் பாற்பல்லைவிட மஞ்சளாகத்தான் இருக்கும். பக்கத்தில் பாற்பல் இருக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். அழகுக்காக இந்த வயதில் வைட்னிங் வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தள்ளிப் போடுங்கள்.

பியூட்டி பார்லரில் பாதி விலைக்குச் செய்கிறார்கள். இணையத்தில் ஜெல்லும் வாங்கலாம். ஏன் பல் வைத்தியரிடம் போக வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2012 முதல், 0.1 வீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ள ஜெல்லைப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்க முடியாது. 0.1 முதல் 6 வீதம் வரை பல் வைத்தியர் வழியாக மட்டும், அதுவும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அவ்வளவு கவனம் தேவைப்படும் பொருள் இது. பார்லரில் எக்ஸ்-ரே எடுப்பதில்லை, சூத்தையைத் தேடுவதில்லை. ஓட்டை விழுந்த பல்லில் ஜெல் இறங்கினால் இரவு முழுக்கத் தூங்க மாட்டீர்கள். யாரிடம் போனாலும் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள்.

தேசிக்காயும் அப்பச்சோடாவும், உமிக்கரி, கரி கலந்த பற்பசை ஆகியவற்றையும் விடுங்கள். இவை எனாமலைக் கரைக்கும் அல்லது தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள்தான் கூடத் தெரியும்.

அப்பா நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறார். பல் கறுத்துவிட்டது. தங்கச்சியின் கலியாணத்துக்கு முதல் வெள்ளையாக்க வேண்டும். (கொட்டாஞ்சேனை)

வெற்றிலைக் கறை பல்லின் மேலே படிந்தது. ஸ்கேலிங்கும் பொலிஷிங்கும் செய்தாலே பெரும்பகுதி போய்விடும், வைட்னிங் ஜெல் தேவைப்படாது. ஆனால் அப்பாவின் பல்லைவிட அவர் கன்னத்தின் உட்புறத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்று அப்பா சொன்னால் அது பாதுகாப்பு ஆகாது.

இன்று இரவே டோர்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்குக் கீழே வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்? கறியின் உறைப்பு முன்பு மாதிரித் தாங்கவில்லையா? அவருடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் வைக்க முடிகிறதா? இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் கலியாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொழும்பு வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கு இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். அரசாங்க வைத்தியசாலை, கட்டணம் இல்லை. ஒன்றும் இல்லையென்றாலும் ஸ்கேலிங்குக்குப் போகும் அன்று வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை வருடமாக வெற்றிலை போடுகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.