அமெரிக்கக் கல்லூரிப் பத்திரிகை ஓர் அரசியல் விளம்பரத்தை மறுத்தால், அது கருத்துச் சுதந்திர மீறலா?

சட்டப்படி இல்லை. அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. எதைப் போடுவது, எதை விடுவது என்பது பத்திரிகை ஆசிரியரின் உரிமை. 1974-இல் மயாமி ஹெரால்டு நாளிதழின் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. அரசுப் பல்கலைக்கழக நிர்வாகம் குறுக்கே வந்து தடுத்தால்தான் சிக்கல்.

2001-இல் நடந்ததைப் பாருங்கள். அடிமைமுறைக்காகக் கறுப்பினத்தவருக்கு இழப்பீடு கூடாது என்று பழமைவாத எழுத்தாளர் டேவிட் ஹோரோவிட்ஸ் பல கல்லூரிப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் அனுப்பினார். பல இதழ்கள் மறுத்தன. பெர்க்லியின் டெய்லி கலிஃபோர்னியன் வெளியிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டது. பிரவுன் பல்கலைக்கழக மாணவர் இதழான பிரவுன் டெய்லி ஹெரால்டும் வெளியிட்டது, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. விளம்பரப் பணத்தைச் சிறுபான்மை மாணவர்களுக்குக் கொடுங்கள், இல்லையேல் எங்களுக்கு ஒரு பக்கம் இலவசமாகத் தாருங்கள் என்று கேட்ட மாணவர்கள், அது நடக்காததால் ஒரு நாள் இதழ்களை ஏறக்குறைய மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். இலவசப் பத்திரிகைதானே, யாரும் எடுக்கலாமே என்பது அவர்கள் வாதம்.

அந்த விளம்பரம் கறுப்பின மாணவர்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பிரதி எடுப்பது வாசிக்க. கட்டுக்கட்டாக எடுப்பது அடுத்தவர் வாசிக்காமல் இருக்க. ஆசிரியர் மறுத்தால் ஹோரோவிட்ஸுக்கு வேறு இதழ் இருந்தது. காலியான பத்திரிகைப் பெட்டிக்கு முன்னால் நின்ற வாசகருக்கு அன்றைக்கு எதுவும் இல்லை.