கார் ஒரு பக்கமாக இழுத்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம்) போய்விட்டது என்று அர்த்தமா?

அநேகமாக நீங்கள் பழைய கார் வாங்கியிருப்பீர்கள். இழுக்கிறதே என்று கேட்டதற்கு, "ரோடு அப்படி, காத்து அப்படி" என்று விற்றவர் சமாளித்திருப்பார். இதே சமாதானத்தை ஒரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு முன் டயர் இரண்டையும் பறிகொடுத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு உச்சிப்புளி, வேலை ராமேஸ்வரத்தில். தினமும் பாம்பன் பாலம். ஆடி மாதம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று அடித்தால் அந்தப் பாலத்தில் எந்த வண்டியும் அலையத்தான் செய்யும். போகும்போது காற்று வலப்பக்கமிருந்து வரும், கார் இடப்பக்கம் ஒதுங்கும். ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் பிடித்தே ஓட்டப் பழகிவிட்டேன். ஒருநாள் திரும்பி வரும்போது மச்சான் பக்கத்தில் இருந்தார். "மாப்ள, இப்பக் காத்து இடப்பக்கமிருந்துல்ல அடிக்குது, வண்டி ஏன் அங்கிட்டே போகுது?" என்றார். அப்போதுதான் உறைத்தது. காற்றின் தள்ளல் திசை மாறும், இது மாறவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தோம். வெளியிலிருந்து பார்த்தால் டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) நன்றாகவே இருந்தது. உள்பக்கம் வழுவழுவென்று மொட்டை, இடது டயரில் கூடுதலாக. கடையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தால் இடப்பக்க லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கையின் ரப்பர், கிழிந்திருந்தது. அதை மாற்றாமல் அலைன்மென்ட் மட்டும் செய்திருந்தால் நின்றிருக்காது.

நான் மெக்கானிக் இல்லை. இழுத்தாலே அலைன்மென்ட்தான் என்றும் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முதலில் இரண்டு பக்க டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்த பக்கம் இழுக்கும். மழைத்தண்ணீர் வடிய நம் ரோடு ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் இடப்பக்கம் கொஞ்சம் போவது சகஜம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பாருங்கள். எண்பதைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் அது பேலன்ஸிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாத கோளாறு. ஆனால் காற்றில்லாத காலையில், மட்டமான ரோட்டில் கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றால் தாமதிக்காமல் கடைக்குப் போங்கள். போகும்போது புஷ், டை ராட் எண்டு (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை) எல்லாம் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் புஷ் கிழிந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி ஒரு குடும்பமே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே பஸ். பிரேக் அடித்து ஒதுங்கியதில் இடது சக்கரம் நடைபாதைத் திண்டில் ஏறி இறங்கியது. இழுப்பு அதற்கப்புறம்தான். 1988-ல் திறந்த பாலம், போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான் வழி. கடலைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? வண்டியைப் பாலத்துக்கு முன்னாலேயே ஓரமாக விட்டுவிட்டு நடந்து வந்து பாருங்கள். நடைபாதை இருக்கிறது.