வெறும் வயிற்றில் 112, மூன்று மாதச் சர்க்கரை 8.2: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற வாரப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்றும், ஹெச்பிஏ1சி 8.2 என்றும் வந்திருக்கிறது. ஒரே ரத்தத்தில் இரண்டு விதமாக வருமா? லேபில் தவறு செய்துவிட்டார்களா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: லேபின் மீது சந்தேகம் வேண்டாம். 112 என்பது ரத்தம் எடுத்த அந்தக் காலை நேரத்து அளவு, 8.2 என்பது ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கு.

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் மீது, ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. ஆற்காட்டு மக்கன் பேடா பாகில் ஊறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள் (சர்க்கரை நோயைப் பற்றிய பதிலில் இந்த உவமைக்கு மன்னிக்கவும்): பாகு கெட்டியாக இருந்து, ஊறும் நேரமும் கூடினால் இனிப்பு அதிகம் ஏறும், ஏறியது திரும்ப இறங்காது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டியிருந்தாலும் இந்த எண் அசையாது; ஆனால் மூன்று மாதமும் இதில் சமமாகப் பதிவாவதில்லை, கடைசி ஒரு மாதத்தின் பங்கே ஏறத்தாழ பாதி.

8.2 என்பது சதவீதம், அதாவது மொத்த ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கும் பங்கு. இதை ஹீமோகுளோபின் 8.2 கிராம் என்று படித்துவிட்டு, ரத்தம் குறைந்துவிட்டதென்று பேரீச்சம்பழமும் வெல்லமும் கொடுக்கத் தொடங்குபவர்கள் உண்டு. இதைவிடத் தலைகீழான வைத்தியம் இருக்க முடியாது. 5.7-க்குக் கீழ் இயல்பு, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குள் வைப்பதே இலக்கு. முதியோருக்குச் சற்றுத் தளர்த்துவார்கள்.

8.2 சதவீதத்தைச் சராசரிச் சர்க்கரையாக மாற்றினால் ஏறக்குறைய 189 வரும். காலையில் 112 ஆக இருப்பவருக்குச் சராசரி 189 என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு அளவு நன்றாக ஏறுகிறது என்றே முதலில் கருத வேண்டும். கேழ்வரகுக் களி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கையில் மதியம் இரண்டு உருண்டை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், களியும் மாவுச்சத்துதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தச்சோகையில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் இழந்திருந்தாலோ ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டலாம். எனவே அம்மாவின் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஒரு வாரத்துக்கு, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு நாள் காலை உணவு, மறுநாள் மதிய உணவு என்று மாற்றி மாற்றிப் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்பதோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.