காவல்காரருக்கு ஒரு தேத்தண்ணி

வாசகர் கேள்வி – பதில்: போக்கிமான் ஊர்களும் வழிகளும்

(போக்கிமான் என்பது விந்தைப் பிராணிகளைப் பிடித்து வளர்த்து மோதவிடும் வீடியோ ஆட்டம். அந்தப் பிராணிகளுக்கும் அதுவே பெயர். கான்டோ, ஹோயென் இரண்டும் அதில் வரும் பிரதேசங்கள். கான்டோ பற்றிய பதில்கள் 2004இல் வந்த ஃபயர் ரெட், லீஃப் கிரீன் ஆட்டங்களுக்கு உரியவை. ஹோயென் பதில்கள் எமரால்டு ஆட்டத்துக்கு. 1996இல் ஜப்பானில் வெளியான முதல் ஆட்டத்தில் ஏதாவது வேறாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறோம்.)

சஃப்ரன் நகரத்துக்குள் போக விடாமல் நான்கு பக்கமும் காவல்காரர் மறிக்கிறார். தாகமாக இருக்கிறதாம். செலடன் கடையின் மொட்டைமாடியில் தண்ணீர், சோடா, லெமனேட் மூன்றும் வாங்கிவந்தேன். ஒன்றையும் சட்டை செய்யவில்லை. அதுதான் வழி என்று அண்ணன் சத்தியம் பண்ணுகிறான். – வாசகர், ஹட்டன்

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் விளையாடியது பழைய ஆட்டம். அதில் 200க்குத் தண்ணீரோ, 300க்குச் சோடாவோ, 350க்கு லெமனேட்டோ, எதைக் கொடுத்தாலும் வாசல் திறக்கும். ஃபயர் ரெட்டில் அந்த மனிதருக்கு நாக்கு நீண்டுவிட்டது, தேத்தண்ணிதான் வேண்டும். (நம் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும்.)

அது கடையில் கிடைக்காது. செலடனின் வடபுறம் இருக்கும் மாடிக் குடியிருப்பில் முன்வாசல் வழியாக நுழையுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருப்பார். பேசினால் அவரே தருவார், காசு கேட்கமாட்டார். ஒரு வாசலில் கொடுத்தால் நான்கு வாசலும் திறந்துவிடும். வந்த கையோடு அதே கட்டடத்தின் பின்வாசலால் ஏறி மொட்டைமாடி அறைக்கும் போய்வாருங்கள். மேசையில் இருக்கும் பந்தில் 25ஆம் லெவல் ஈவீ என்ற போக்கிமான் இருக்கிறது. முன்வாசலால் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பியவர்கள் ஏராளம்.

சஃப்ரன் வழியாகப் போகாமல் செலடனுக்கு எப்படிப் போவது என்று அடுத்த கேள்வி வரும். லாவெண்டரிலிருந்து மேற்கே 8ஆம் பாதையில் ஒரு நிலத்தடி வழி இருக்கிறது, 7ஆம் பாதையில் ஏறலாம். சஃப்ரன் திறந்த பிறகு அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வடக்கே செருலியன், தெற்கே வெர்மிலியன், கிழக்கே லாவெண்டர், மேற்கே செலடன் என்று எல்லா ஊருக்கும் நடுச்சந்தி சஃப்ரன்தான். ஆனால் உள்ளே போனதும் வேலை முடியாது. சில்ஃப் கம்பெனிக் கட்டடத்து வாசலில் நிற்கும், ரொக்கெட் என்ற திருட்டுக் கூட்டத்து ஆள், லாவெண்டர் கோபுரத்தின் உச்சியில் ஃபூஜி தாத்தாவை நீங்கள் மீட்கும்வரை வழிவிடமாட்டான். சில்ஃபில் அந்தக் கூட்டத்தை விரட்டாமல், ஊர்த் தலைவரோடு மோதி பேட்ஜ் எடுக்கும் ஜிம்முக்குள்ளும் போக முடியாது.

ராக் டனல் முழுக்க இருட்டு. சுவரில் முட்டி முட்டியே என் போக்கிமான் எல்லாம் விழுந்துவிட்டன. விளக்கு எங்கே கிடைக்கும்? – வாசகி, தலவாக்கலை

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழையும்போது பெட்டியில் விளக்கு எரியாவிட்டால் எப்படியோ அப்படித்தான் அது. விளக்கின் பெயர் ஃபிளாஷ், போக்கிமானுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு வித்தை. அதைத் தருபவர் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இல்லை, நீங்கள் எப்போதோ தாண்டி வந்த 2ஆம் பாதையில் இருக்கிறார். பலர் இடறுவது இங்கேதான். ஆட்டம் முன்னே ஓடச் சொல்கிறது, சாமானோ பின்னால் கிடக்கிறது.

வெர்மிலியனில் நிற்கும் கப்பலில் தலைவருக்குக் கடல் மயக்கம். முதுகைத் தடவிவிட்டால் கட் என்ற செடி வெட்டும் வித்தையைத் தருவார். அதை வாங்கி இறங்கியதும் கப்பல் புறப்பட்டுவிடும், பிறகு ஏற முடியாது. ஆகவே கப்பலறைகளில் உள்ள சாமான்களையும் சண்டைகளையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊருக்குக் கிழக்கே 11ஆம் பாதைக்குப் போய், டிக்லெட் குகைக்குள் இறங்கி மறுபக்கம் வந்தால் 2ஆம் பாதை. கட்டால் செடிகளை வெட்டிக்கொண்டு தெற்கே போனால் ஒரு சிறு கட்டடம். உள்ளே ஓக் பேராசிரியரின் உதவியாளர் நிற்பார்.

நீங்கள் 10 வகைப் போக்கிமான் பிடித்திருந்தால்தான் அவர் ஃபிளாஷ் தருவார். பார்த்தது கணக்கில்லை, பிடித்தது மட்டுமே. பத்து பெரிய எண்ணிக்கை அல்ல. விரிடியன் காட்டில் ஒரு காட்டர்பீயைப் பிடித்து 10ஆம் லெவல் வரை வளர்த்தால் மெட்டபொட், பட்டர்ஃப்ரீ என்று அது ஒன்றே மூன்று வகையாகிவிடும். வீடில் ஒன்றையும் அப்படியே வளர்த்தால் ஆறு. தொடக்கத்தில் வாங்கியது ஏழு. குகையில் வரும் டிக்லெட் எட்டு. பிட்ஜி, ரட்டாட்டா இரண்டும் புல்லில் கால் வைத்தாலே வரும்.

ஃபிளாஷைப் பிகாச்சுவுக்குக் கற்றுக்கொடுக்கலாம். பாறை ஜிம்மின் போல்டர் பேட்ஜ் கையில் இல்லாவிட்டால் சுரங்கத்துக்குள் அது வேலை செய்யாது. வெளியே வந்தால் விளக்கு அணைந்துவிடும். சுரங்க வாசலில் உள்ள போக்கிமான் சென்டருக்குப் போய்வந்தால் மறுபடி போட வேண்டும். "பழுதாகிவிட்டது" என்று எழுதிய இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

உள்ளே மலையேறிகள் பாறை வகைகளோடு நிற்பார்கள். முன்னால் புல் வகையோ நீர் வகையோ நிற்கட்டும். பிகாச்சுவை முன்னால் விட்டால் அது வெறும் விளக்குத்தான்.

வெர்மிலியன் ஜிம்மில் குப்பைத்தொட்டிகளைக் கிளறிக் கிளறிக் கை வலிக்கிறது. ஏதாவது முறை இருக்கிறதா? – வாசகர், பண்டாரவளை

இருக்கிறது. ஜிம் தலைவரை மறிக்கும் கதவைத் திறக்க இரண்டு ஆளிகள் (சுவிட்சுகள்) தொட்டிகளில் ஒளிந்திருக்கும். தொட்டிகள் 15, ஐந்தைந்தாக மூன்று வரிசை. முதல் ஆளி எதிலும் இருக்கலாம், அதற்குக் கணக்கு இல்லை. இரண்டாவது, முதலாவதை ஒட்டிய தொட்டியில்தான் இருக்கும்: மேலே, கீழே, இடது, வலது. மூலைவிட்டமாக இருக்காது. தப்பான தொட்டியில் கை வைத்தால் இரண்டும் இடம் மாறிவிடும், முதலிலிருந்து தேட வேண்டும். பலர் முதல் ஆளி இருந்த தொட்டியையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பது இது தெரியாததால்தான்.

முதல் ஆளி நான்கு மூலைகளில் ஒன்றில் அகப்பட்டால் அதிர்ஷ்டம், ஒட்டிய தொட்டிகள் இரண்டே. நடு வரிசையின் உள்ளே உள்ள மூன்றில் அகப்பட்டால் நான்கில் ஒன்றை ஊகிக்க வேண்டும். மற்ற எட்டுத் தொட்டிகளுக்கும் மூன்று.

கதவு திறந்ததும் டிக்லெட்டை அனுப்புங்கள், மின்சாரம் அதைத் தொடாது. ஆனால் தலைவருடைய வோல்டோர்பின் சோனிக் பூம் என்ற அடி எந்த நேரமும் 20 உயிர்ப்புள்ளி பறிக்கும். 20ஆம் லெவல் டிக்லெட் இரண்டு அடியில் சுருண்டுவிடும். முதல் அடி உங்களுடையதாக இருக்க வேண்டும். டிக்லெட் குகையில் அதன் வளர்ந்த வடிவமான டக்ட்ரியோ அரிதாக வரும். அரை மணித்தியாலம் மினக்கெட்டாலும் பிடிப்பது லாபம்.

செருலியன் சைக்கிள் கடையில் விலை பத்து இலட்சம். எவ்வளவு காலம் சேர்க்க வேண்டும்? – மாணவர், மஸ்கெலியா

சேர்க்கவே முடியாது தம்பி. பணப்பையில் 9,99,999க்கு மேல் ஏறாது. வெர்மிலியனில் போக்கிமான் ரசிகர் மன்றத் தலைவரிடம் போய், தன் ராப்பிடாஷைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கச் சம்மதியுங்கள். கதை நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவில் தரும் சீட்டைக் கடையில் நீட்டினால் சைக்கிள் இலவசம்.

விரிடியன் ஜிம் பூட்டியே கிடக்கிறதே? – வாசகர், நானுஓயா

ஏழு பேட்ஜ் எடுத்துவிட்டு வாருங்கள்.

ஹோயெனில் சிம்னி மலைக்குக் கேபிள் கார் இருக்கிறது. நிலைய வாசலில் மக்மா என்ற வில்லன் கூட்டத்து ஆட்கள் நிற்கிறார்கள். லாவரிஜுக்கு வேறு வழி உண்டா? – வாசகி, ஹப்புத்தளை

வேறு வழி கிடையாது, சுற்றிவர வேண்டும். தெமோதரையில் ரயில்பாதை மலையைச் சுற்றி இறங்கி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறதல்லவா, அந்தக் கணக்குத்தான். நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபையரி பாத் என்ற குகை. அதனூடாக 111ஆம் பாதையின் வடபகுதிக்குப் போங்கள். அங்கிருந்து 113, ஃபாலார்பர் ஊர், 114, மீட்டியர் ஃபால்ஸ். அங்கே மக்மா கூட்டத்தைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்தால், கேபிள் கார் வாசல் காலியாக இருக்கும்.

மலை உச்சியில் மக்மா தலைவன் மேக்சியைத் தோற்கடித்த பிறகு, ஜாகட் பாஸ் சரிவால் இறங்கினால் லாவரிஜ். அந்தச் சரிவு இறங்கத்தான். ஏற வேண்டுமானால் ஆக்ரோ சைக்கிள் வேண்டும், மாக் சைக்கிளில் முடியாது. லாவரிஜ் வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு பாட்டி முட்டை தருவார், அதிலிருந்து வைனாட் என்ற போக்கிமான் பொரிக்கும். கையில் ஆறு போக்கிமானும் நிறைந்திருந்தால் தரமாட்டார், ஓர் இடம் காலியாக விடுங்கள்.

113ஆம் பாதையில் சாம்பல் கொட்டுவது வெறும் காட்சிக்கு அல்ல. அங்குள்ள கண்ணாடிப் பட்டறையில் சாம்பல் பை வாங்கிக்கொண்டு நடந்தால், சாம்பல் மூடிய புல்லில் வைக்கும் ஒவ்வோர் அடியும் பையில் சேரும். அந்தச் சாம்பலைக் கொடுத்தால் பட்டறையில் கண்ணாடிக் குழல் செய்து தருவார்கள். நீலக் குழலுக்கு 250 அடி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் 500, வெள்ளைக்கும் கறுப்புக்கும் 1,000. 8,000 அடி கேட்கும் மேசையும் உண்டு. அது பொழுது போகாதவர்களுக்கு. எடுக்க வேண்டியது நீலக் குழல்: தூங்கும் போக்கிமானை எழுப்பும், எத்தனை முறை ஊதினாலும் தீராது. ஹோயென் ஜப்பானின் க்யூஷூ தீவைத் திருப்பிப் போட்ட வரைபடம். அந்தத் தீவில் சாம்பல் கக்கும் சகுராஜிமா எரிமலை இருப்பதை நினைத்தால், இந்த ஊர்களின் புழுதி எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பழைய எமரால்ட் ஒன்று கைமாற்றாக வாங்கினேன். திறந்ததும் பற்றரி தீர்ந்துவிட்டது என்கிறது. சேமித்தது அழியுமா? ஷோல் குகையில் தண்ணீரும் மாறுவதேயில்லை. – வாசகர், பதுளை

சேமித்தது அழியாது, அது பற்றரியை நம்பி இல்லை. நின்றுபோனது ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரம் மட்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை அதுதான். மொஸ்டீப்புக்கு வடக்கே 125ஆம் பாதையில் உள்ள ஷோல் குகையில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அலை மாறும்: 3 மணியிலிருந்து 9 வரை வற்றும், 9இலிருந்து 3 வரை நிறையும், பகலிலும் இரவிலும். கடிகாரம் நின்றால் அலையும் நின்றுவிடும். ஸ்னோரன்ட் வரும் பனி அறைக்குத் தண்ணீர் வற்றினால்தான் போகலாம். ஷெல் பெல் என்ற மணி செய்ய, அங்கே கிடைக்கும் நான்கு உப்பும் நான்கு சிப்பியும் வேண்டும். சிலவற்றை நிறைந்த நேரத்தில்தான் எட்டலாம், சிலவற்றை வற்றிய நேரத்தில்தான். கடிகாரம் நின்றால் செடிகளில் பழமும் வளராது.

மாற்ற வேண்டியது சி.ஆர். 1616, 3 வோல்ட். கார்ட்ரிஜ் மூடியில் இருப்பது மூன்று கிளை ஆணி, சாதாரணத் திருப்புளி பிடிக்காது. பற்றரி பலகையில் ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும். தகடு பொருத்தியே விற்கும் பற்றரியை வாங்குங்கள். வெறும் பற்றரியின் மேல் சூட்டுக்கோலை நேராக வைத்தால் வெடிக்கக்கூடும். பழையதைக் கழற்றுமுன் கூட்டல், கழித்தல் எந்தப் பக்கம் என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.